சலாபம் ஓய்ந்த கடல்

2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற சரக்குக் கப்பலொன்று தீப்பற்றியது. பல நாட்கள் எரிந்தபின் ஜூனில் மூழ்கியது. அதன் பெட்டகங்களிலிருந்து ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. வாளி, குடம், பை முதலியவற்றை வார்ப்பதற்கு மூலப்பொருளாகும் பயறளவு மணிகள் அவை. இலங்கையின் மேற்குக் கரையில் மணல் தெரியாதபடி அவை குவிந்து கிடந்த படங்களை அப்போது பலரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று உருண்டு, தூரத்துப் பார்வைக்கு முத்தைப் போலவே இருந்தன. கப்பலின் பெயர் 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்'. பேர்ல் என்றால் முத்து.

ஒரு கதாசிரியன் இப்படி எழுதியிருந்தால் செயற்கை என்று நாமே ஒதுக்கியிருப்போம். இரண்டாயிரம் ஆண்டுகளாக உலகுக்கு முத்து தந்த மன்னார் வளைகுடாவின் தென்வாசலில், முத்தின் பெயர் தாங்கிய கப்பல் பிளாஸ்டிக் முத்துகளைக் கொட்டிவிட்டுப் போயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 மே மாதம், கேரளக் கரைக்கப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கியபோதும் இதே மணிகள் மிதந்து வந்தன. கன்னியாகுமரிக் கரையிலும் அவற்றைப் பொறுக்கினார்கள். தூத்துக்குடிக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில் கடலுக்கு வேலி எதுவும் கிடையாது.

இந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்குள் எழுந்த கேள்வி சற்றுப் பழையது. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்குப் பிறகு ஏன் நடக்கவில்லை? இனி நடக்குமா? இக்கேள்விக்கான விடையைத் தேடிப் போனால் அது தூத்துக்குடியிலிருந்து வெகு தூரத்திலுள்ள குளிர்கடல்களுக்கு இட்டுச் செல்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

கொற்கையின் பெருமையை இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. நம் வாசகர்கள் அறிந்ததே. சங்கப் பாடல்களில் கொற்கை முத்து உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கப் பயணக்குறிப்பிலும் கொற்கை உண்டு. அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று அந்நூல் சொல்வதை மட்டும் நம் மேடைப் பேச்சாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு சுறாவை மந்திரத்தால் கட்டுபவருக்கும் போயிற்று என்று எழுதுகிறார். அந்தச் சுறாக்கட்டிகளுக்குக் கரையில் வழங்கிய பெயர் 'கடல்கட்டி'. பின்னர் போர்த்துக்கீசியர், 1658இலிருந்து டச்சுக்காரர், அதன்பின் ஆங்கிலேயர். கொடி மாறினாலும் மூச்சடக்கிக் கீழே போனவர்கள் பெரும்பாலும் மாறவில்லை.

முத்துக்குளிப்பின் பருவத்துக்கும் அதையொட்டிக் கூடும் சந்தைக்கும் சலாபம் என்று பெயர். இலங்கையிலுள்ள சிலாபம் என்ற ஊர்ப்பெயர் இதிலிருந்து வந்ததே என்பர். சிப்பி ஒட்டி வாழும் கடலடிப் பாறைத்தளம் 'பார்'. தொலையிரம்பார், பெரிய பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. கரையிலிருந்து தோணியில் இரவே புறப்பட்டு, விடியலில் பாரை அடைந்து, காலைக் கல்லில் ஊன்றி, மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே இறங்குவார்கள். ஒரு நிமிடம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல். அதற்குள் கூடையை நிரப்பிக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே கயிறு பிடித்திருப்பவன்மேல் உள்ள நம்பிக்கைதான் உயிர். கொண்டு வந்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். ஏலம் எடுத்தவன் சிப்பியைத் திறந்து பார்ப்பதில்லை, அழுக விடுவான். சதை அழுகிப் புழு தின்று முடித்தபின் கழுவி அரித்து முத்தெடுப்பார்கள். அந்த நாற்றம் பல கல் தொலைவுக்கு வீசும். அரசிகளின் கழுத்தில் கிடந்தவை இந்த நாற்றத்தினூடேதான் வந்தன.

இவ்வளவு சிறப்புடைய சலாபம் ஆண்டுதோறும் நடந்ததாக எண்ணிவிடக் கூடாது. இருபதாம் நூற்றாண்டில் தூத்துக்குடியில் அது நடந்த ஆண்டுகளைப் பாருங்கள்: 1900, 1908, 1914, 1926 முதல் 1928 வரை, பிறகு 1955 முதல் 1961 வரை. இடையில் எல்லாம் வெறும் பார். குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று கையை விரிப்பார்கள். சில ஆண்டுகளில் பாரெங்கும் சிறு சிப்பி கம்பளம் விரித்தாற்போல் கிடக்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் முற்றும் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டு வைப்பார்கள். மறு ஆண்டு போய்ப் பார்த்தால் அத்தனையும் மாயமாகியிருக்கும்.

ஏன்? கரையார் ஒரு பதில் சொன்னார்கள், அதிகாரிகள் ஒன்று சொன்னார்கள். திருக்கை தின்றுவிட்டது என்றனர். 'சூரன்' என்று கரையில் வழங்கிய ஒரு சிப்பியினம் பாரின்மேல் வலைபோல் படர்ந்து முத்துச்சிப்பியை மூச்சுத்திணற வைத்தது என்றனர். மணல் மூடிற்று என்றனர், காற்று மாறிற்று என்றனர், சென்ற ஆட்சியினர் பேராசையால் தாய்ச்சிப்பியையும் அள்ளிவிட்டனர் என்றனர். ஒவ்வொன்றிலும் உண்மை இருந்தது. எதுவும் முழு உண்மையாக இல்லை.

இந்தப் புதிருக்காக நடந்த மிகப் பெரிய முயற்சி அக்கரையில், இலங்கையில். 1901ஆம் ஆண்டின் இறுதியில் லிவர்பூலிலிருந்து ஹெர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியரை அரசு வரவழைத்தது. அவருக்கு உதவியாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பின்னாளில் சென்னை மாகாண மீன்துறையின் தலைமைக்கு வந்தவர், சங்கையும் தோணியையும் பற்றி எழுதியவர். ஹெர்ட்மனின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பெரும் பகுதிகளாக வெளிவந்தது. முத்து உருவாவது ஒரு நாடாப்புழுவின் இளம்பருவத்தைச் சுற்றித்தான் என்று அவர்கள் முடிவு செய்தார்கள்; பின்வந்தோர் அதை ஏற்கவில்லை. 1905இல் இலங்கைப் பார்களில் வரலாறு காணாத சலாபம். எட்டுக் கோடிக்கும் மேல் சிப்பிகள் வந்தன. உற்சாகத்தில் லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கி, 1906இல் பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு பார் வெறுமையாயிற்று. கம்பெனி கலைந்தது. இலங்கையில் அடுத்த சலாபம் 1925இல்தான். உலகின் சிறந்த அறிவியல் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே திவாலான கம்பெனி என்று இதைச் சொல்லலாம்.

அவர்கள் கண்காணித்ததும் எண்ணியதும் சிப்பியை. புதிரின் பெரும்பகுதி சிப்பியாக மாறுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பதுதான் என் எண்ணம்.

முத்துச்சிப்பி பாரில் ஒட்டிக்கொண்டு அசையாமல் வாழ்வது. ஆனால் அது பிறப்பது பாரில் அல்ல, நீரில். ஆணும் பெண்ணும் தத்தம் அணுக்களை நீரில் விடுகின்றன. அவை அங்கேயே கூடிக் கருவாகின்றன. அந்த முட்டையின் அளவு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஒரு நாளுக்குள் அதற்கு மெல்லிய ஓடும், நீந்தவும் இரை சேர்க்கவும் பயன்படும் மயிரிழைகளும் முளைத்துவிடுகின்றன. பிறகு ஏறக்குறைய மூன்று வாரம் அது நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் மிதந்து திரிகிறது. இரை, சில மைக்ரான் அளவுள்ள பாசிகள். அந்நாட்களில் அது சிப்பியே அல்ல. விலங்கு மிதவையுயிர்களில் ஒன்று. கிரேக்கத்தில் 'அலைந்து திரிவது' என்ற பொருள்படும் சொல்லிலிருந்து 1887இல் ஹென்சன் என்ற ஜெர்மானியர் 'பிளாங்டன்' என்று பெயரிட்டாரே, அந்தக் கூட்டத்தின் உறுப்பினர். மூன்று வாரம் முடிந்து கனம் கூடி இறங்கும்போது கீழே பார் இருந்தால் பிழைக்கும். சேறு இருந்தால் சாகும். ஒரு சலாபத்தின் தலைவிதி இந்த மூன்று வாரத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. அதைப் படிக்கும் கண் திருநெல்வேலிக் கலெக்டருக்கும் இல்லை, கடல்கட்டிக்கும் இல்லை.

மிதவையுயிர்களைத் தொடர்ந்து கவனித்துக் குறித்து வைக்கும் பழக்கம் வளர்ந்தது குளிர்கடல்களில். அதற்குக் காரணம் அறிவுத்தாகம் மட்டுமல்ல, ஹெர்ரிங் மீனும் திமிங்கிலமும். 1925இல் அண்டார்டிக் கடலுக்குப் போன 'டிஸ்கவரி' கப்பலில் இருந்த ஆலிஸ்டர் ஹார்டி என்ற ஆங்கிலேயர் ஒரு பெட்டியை உருவாக்கினார். கப்பலின் பின்னால் கட்டி இழுத்தால், அதற்குள் இருக்கும் பட்டுத்துணிச் சுருள் மெல்லச் சுழன்று, வழியிலுள்ள மிதவையுயிர்களை வடிகட்டிச் சேர்த்துக்கொள்ளும். 1931 முதல் சாதாரணச் சரக்குக் கப்பல்களும் அதை வட கடலிலும் பின்னர் வட அட்லாண்டிக்கிலும் இழுத்துச் சென்றன. அந்தச் சுருள்களை எறிந்துவிடாமல் காப்பகத்தில் வைத்தார்கள். நம்மவர் முத்தின் விலையை எழுதி வைத்தார்கள். அவர்கள் கடலையே பட்டில் சுற்றி வைத்தார்கள்.

அந்தப் பெட்டியின் குறிப்பேடுகளில் இரு பதிவுகள் என்னை நிறுத்தின. 1957இல் மீன்வலையின் செயற்கை நூலொன்று பெட்டியில் சிக்கியது. 1965இல் அயர்லாந்துக்கு வடமேற்கே ஒரு பிளாஸ்டிக் பை சிக்கியது. கடலில் பிளாஸ்டிக் சேரத் தொடங்கியதற்கான மிகப் பழைய சாட்சியங்களில் சேர்பவை இவை. 1957இல் தூத்துக்குடியில் சலாபம் நடந்துகொண்டிருந்தது. நம் கரையில் இன்னும் பருத்தி வலைகள் உலர்ந்துகொண்டிருந்த காலம்.

2004இல் ரிச்சர்ட் தாம்ப்சனும் அவரது குழுவினரும் ஸ்காட்லாந்துக்கும் ஷெட்லாந்து, ஐஸ்லாந்து தீவுகளுக்கும் இடைப்பட்ட வழிகளில் சேர்ந்த பழைய பட்டுச் சுருள்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 1960கள் முதலே கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் அவற்றில் இருந்தன. பின்வந்த பத்தாண்டுகளில் கூடியிருந்தன. 'நுண்பிளாஸ்டிக்' என்ற சொல் உலகெங்கும் பரவியது அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான். மேலும் வடக்கே, ஆர்க்டிக் பனிக்கட்டியில் லிட்டருக்குப் பன்னிரண்டாயிரம் துகள்கள் வரை இருந்ததாக 2018இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டனர். மனிதர் வசிக்காத பனியிலும் நம் வலையும் வண்ணப்பூச்சும் உறைந்து கிடக்கின்றன.

அத்துகள்களை மிதவையுயிர்கள் தின்கின்றனவா? தின்கின்றன. குளிர்கடல்களின் உணவுச் சங்கிலியைத் தாங்கும் 'கலானஸ்' என்னும் அரிசிமணியினும் சிறிய இறால் இனத்து உயிர், தன் உடலில் எண்ணெயைச் சேர்த்துவைத்துக்கொண்டு நீண்ட மாரிக்காலத்தை ஆழத்தில் உறங்கிக் கழிக்கும். மீனும் திமிங்கிலமும் கொழுப்பது அந்த எண்ணெயில். 2015இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், பாசியோடு பிளாஸ்டிக் மணிகளையும் கலந்து கொடுத்தபோது கலானஸ் உட்கொண்ட கரிமச்சத்து நாற்பது விழுக்காடு குறைந்தது. சில நாட்களில் அது இட்ட முட்டைகள் சிறுத்தன, பொரிப்பதும் குறைந்தது. 2019இல் குளிர்நீர்க் கலானஸ் ஒன்றுக்கு நைலான் துகள் கொடுத்துப் பார்த்தபோது, இரையுண்ணும் முறை மாறியது. காலத்துக்கு முன்பே தோலுரித்தது. அண்டார்டிக் கிரில் தான் தின்ற துகளை வயிற்றில் அரைத்து இன்னும் நுண்ணிய பொடியாக்கி வெளியே விடுகிறது என்பது 2018இல் தெரியவந்தது. கிரில் செய்த இந்த உதவியை யாரும் கேட்கவில்லை.

இவையெல்லாம் ஆய்வகத் தொட்டிகளில் நடந்தவை என்பதையும், அங்கே இட்ட துகள்களின் அளவு பல சமயம் திறந்த கடலில் இருப்பதைவிட மிகுதி என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கடல் அழிந்தது என்று நாளேடுகள் போடும் தலைப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. வயிறு நிரம்பிய உணர்வோடு பட்டினி கிடப்பது என்ற அந்தச் செயல்முறைதான் இங்கே கவனிக்க வேண்டியது.

குளிர்கடலிலிருந்து நம் சிப்பிக்குத் திரும்பலாம். கலானஸுக்கு நேர்ந்தது சிப்பிக்கும் நேருமா என்று பிரெஞ்சுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். 2016இல் வெளிவந்த ஆய்வில், நுண்மணிகள் கலந்த நீரில் இரண்டு மாதம் வளர்ந்த உண்ணும் சிப்பிகளின் முட்டை எண்ணிக்கை 38 விழுக்காடு குறைந்தது. அவற்றிலிருந்து கிடைத்த மிதக்கும் இளசுகள் 41 விழுக்காடு குறைந்தன. 2018இல் தாஹித்தித் தீவுகளின் கருமுத்துச்சிப்பியை அதேபோல் சோதித்தார்கள். தூத்துக்குடிச் சிப்பிக்கு அது நெருங்கிய உறவு, ஒரே பேரினம். உண்டது உடம்பில் ஒட்டவில்லை. துகள் மிகுந்தபோது, குறைந்த சக்தியை ஈடுகட்டத் தன் கருவணுக்களையே அது கரைத்து உண்டிருக்க வேண்டும் என்பது அவர்களின் ஊகம். பஞ்ச காலத்தில் விதைநெல்லைக் குத்தித் தின்ற குடியானவனின் கதை இது.

இதே ஆய்வாளர்கள் கண்ட இன்னொன்றும் உண்டு. தாஹித்தியின் முத்துப்பண்ணைகளில் இளஞ்சிப்பிகளைச் சேகரிக்கத் தொங்கவிடும் கயிறும் வலையும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவை நைந்து உதிர்ந்த துகள் பண்ணைக் கடலிலேயே இருந்தது. அவற்றிலிருந்து கசிந்த பொருள்கள் ஆய்வகத்தில் இளம் சிப்பிக்கருவின் வளர்ச்சியைக் கெடுத்தன. முத்துக்காக இட்ட தூளி குழந்தையின் கழுத்தை இறுக்குகிறது.

தூத்துக்குடிக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. இந்தியாவில் வளர்ப்பு முத்து முதலில் விளைந்தது இங்கேதான். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சுவாமி 1973இல் வேப்பலோடையில் அதைச் செய்து காட்டினார். 1981இல் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பொரிக்க வைக்கவும் கற்றார்கள். அந்தக் குஞ்சுகளைப் பார்களில் கொண்டுபோய் விட்டும் பார்த்தார்கள். சலாபம் திரும்பவில்லை.

இன்றைய தூத்துக்குடிக் கடல் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கடல் அல்ல. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட துறை, அனல்மின் நிலையம், விசைப்படகுகள், சுண்ணாம்புக்காக வெட்டி எடுக்கப்பட்ட பவளப்பாறைகள், அதனால் நீரில் மூழ்கிய இரு தீவுகள். இவற்றோடு நைலானும் வந்தது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் இக்கரையின் உண்ணும் சிப்பியிலும் மீனிலும் நுண்பிளாஸ்டிக் இருப்பதை எழுதியிருக்கிறார்கள். 2020இல் உப்பையும் பார்த்தார்கள். கடல்நீரில் விளைந்த உப்பில் துகள் கூடுதலாகவும், கிணற்று நீர் உப்பில் குறைவாகவும் இருந்தது. உப்பளத்தில் பாத்தி கட்டி வெயிலில் காயவிடுவது வேறொன்றுமல்ல, கடலைச் சுண்டவைத்துப் பார்ப்பது. ஹார்டியின் பட்டுச் சுருளைப் போல நம்மிடம் தற்செயலாக இருந்த ஒரே வடிகட்டி அதுதான் போலும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சலாபத்தை நிறுத்தியது பிளாஸ்டிக் அல்ல. 1961இல் தூத்துக்குடிக் கடலில் அது ஒரு பொருட்டாக இருந்திருக்க முடியாது. பார்கள் அதற்கு முன்பும் பலமுறை வெறுமையாகியிருக்கின்றன. ஆனால் முன்பெல்லாம் அவை மீண்டும் நிறைந்தன. எங்கோ எஞ்சியிருந்த சில தாய்ச்சிப்பிகள் விட்ட முட்டைகள் மூன்று வாரம் மிதந்து, தின்று, பிழைத்து, பழைய பாரைத் தேடி இறங்கின. முப்பது ஆண்டு காத்திருந்தவர்களுக்கும் அது பலித்தது. இப்போது காத்திருப்பு அறுபது ஆண்டைத் தாண்டிவிட்டது. அந்த மூன்று வாரத்து நீரில் பாசியின் அளவிலேயே, ஆனால் பாசியல்லாத ஒன்று கலந்திருக்கிறது. கப்பலிலிருந்து கொட்டிய மணி அந்தச் சிசுவின் வாய்க்குள் நுழையாது. வெயிலிலும் அலையிலும் அது பொடியாகப் பல ஆண்டுகள் ஆகும். எனவே 2021இன் கணக்கு இன்னும் தொடங்கவேயில்லை என்றும் கொள்ளலாம்.

2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்தக் கப்பல் நிறுவனத்தார் நூறு கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மீன் செத்ததையும் ஆமை செத்ததையும் நீதிமன்றத்தில் காட்ட முடிந்தது. சிப்பிச் சிசுக்கள் எத்தனை இருந்தன, எத்தனை குறைந்தன என்று காட்டுவதற்குப் பழைய ஏடு வேண்டும். கடைசிச் சலாபம் முடிந்த அதே ஆண்டுகளில், 1960களின் முற்பாதியில், பல நாட்டுக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தன; அவை வலைவீசிச் சேர்த்த மிதவையுயிர்களைப் புட்டிகளில் வாங்கி வகைபிரிக்கக் கொச்சியில் ஒரு மையம் அமைத்தார்கள். பட்டுச் சுருளில் தாம்ப்சன் குழுவினர் தேடியதை அந்தப் புட்டிகளில் தேடினால் என்ன கிடைக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.